மின்னணு பாகங்களின் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

2025-இன் கடைசி மாதங்களில் கணினி வாங்கப் போனவர்களும் கைபேசி தயாரிப்பவர்களும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: மெமரி விலை ஏன் இப்படித் தாவுகிறது? கணினியின் தற்காலிக நினைவுக்கான புதிய வகையான டிடிஆர்5 மெமரி சிப்களின் உடனடிச் சந்தை விலை செப்டம்பருக்கும் நவம்பருக்கும் நடுவிலேயே இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இரண்டே ஆண்டுகளுக்கு முன் நிலைமை நேர்மாறாக இருந்தது. 2023-இல் சாம்சங்கின் சிப் பிரிவு ஏறத்தாழ 15 லட்சம் கோடி கொரிய வொன் நஷ்டப்பட்டது. வாங்க ஆளில்லாமல் மெமரி கிடங்குகளில் தேங்கிக் கிடந்தது.

விற்கும் நிறுவனங்கள் அதேதான். தொழிற்சாலைகளும் பெரும்பாலும் அதேதான். ஒரு சிப்பைச் செய்ய ஆகும் செலவும் இரண்டு ஆண்டில் இரண்டு மடங்காகிவிடவில்லை. பிறகு எப்படி? “செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, அதனால்தான்” என்ற பதில் சரியானதுதான், ஆனால் அது பாதிப் பதில். மற்ற பாதி இந்தச் சந்தையின் அமைப்பிலேயே இருக்கிறது. இங்கே விலையை நடத்துவது செலவைவிட நேரம்: ஆர்டர் கொடுத்த நாளுக்கும் சரக்கு கைக்கு வரும் நாளுக்கும் இடையிலான நேரம், தொழிற்சாலை கட்ட முடிவெடுத்த நாளுக்கும் முதல் சிப் வெளியே வரும் நாளுக்கும் இடையிலான நேரம். இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் செய்திகளில் முரணாகத் தெரியும் பல விஷயங்கள் நேராகிவிடும்.

## பாகம் என்று எதையெல்லாம் சொல்கிறோம்

“சிப் பற்றாக்குறை” என்று ஒரே சொல்லில் செய்தி வருவதால்தான் பாதிக் குழப்பம். உண்மையில் இது ஒரே சந்தை கிடையாது.

1. பாசிவ் பாகங்கள். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், இண்டக்டர் போன்றவை. ஒன்றின் விலை மிகமிகக் குறைவு, எண்ணிக்கை மிகமிக அதிகம். ஒரு ஸ்மார்ட்போனில் பல அடுக்கு செராமிக் கெப்பாசிட்டர் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் இருக்கும். மின்சாரக் காரில் அது பத்தாயிரம் என்ற அளவுக்குப் போகும்.

2. தனித்த அரைக்கடத்திகள். டையோடு, டிரான்சிஸ்டர், மாஸ்ஃபெட். ஒரே வேலை செய்யும் எளிய சிப்கள்.

3. அனலாக் சிப்களும் மைக்ரோகன்ட்ரோலர்களும். மின்னழுத்தத்தைச் சீராக்குபவை, சென்சாரைப் படிப்பவை, சலவை இயந்திரம் முதல் காரின் பிரேக் வரை கட்டுப்படுத்துபவை. இவற்றில் பெரும்பகுதி பல ஆண்டு பழைய தொழில்நுட்பத்தில் தயாராகிறது.

4. மெமரி. தற்காலிக நினைவுக்கு டிராம், நிரந்தரச் சேமிப்புக்கு நாண்ட்.

5. புராசஸர்களும் கிராபிக்ஸ் சிப்களும். புதிய தொழில்நுட்பம், மிகச் சில தொழிற்சாலைகள்.

இவை தவிர கனெக்டர், கிரிஸ்டல், சர்க்யூட் போர்டு எனப் பட்டியல் நீளும். நமக்கு முக்கியம் ஒரே ஒரு வேறுபாடு: ஒரு பாகத்துக்குப் பதில் வேறு நிறுவனத்தின் பாகத்தை அப்படியே பொருத்த முடியுமா, முடியாதா?

மெமரியில் முடியும். அதன் தரநிலை பொதுவானது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றில் யாருடைய டிடிஆர்5 சிப்பும் அதே வேலையைச் செய்யும். அதனால் மெமரி, எண்ணெயும் தாமிரமும் போல அன்றாடம் விலை மாறும் பண்டமாக நடந்துகொள்கிறது. மைக்ரோகன்ட்ரோலரில் முடியாது. ஒன்றை மாற்றினால் அதற்கு எழுதிய மென்பொருளை மாற்ற வேண்டும், போர்டின் வடிவமைப்பை மாற்ற வேண்டும். காருக்குள் போவது என்றால் பாதுகாப்புச் சோதனைகளை முதலிலிருந்து நடத்த வேண்டும். அதனால் மைக்ரோகன்ட்ரோலர் விலை சாதாரண நாளில் அவ்வளவாக அசையாது. பற்றாக்குறை வந்தால் மட்டும் அது மெமரியைவிட மோசமாகப் பாயும், ஏனென்றால் வாங்குபவருக்கு வேறு வழியே இல்லை.

## ஒரே பாகத்துக்கு மூன்று விலை

ஒரு சிப்புக்கு ஒரே சமயத்தில் மூன்று விலை இருக்கலாம்.

1. ஒப்பந்த விலை. பெரிய கைபேசி, கணினி, சர்வர் நிறுவனங்கள் தயாரிப்பாளரிடம் நேரடியாகப் பேசி முடிப்பது. மெமரியில் இது வழக்கமாகக் காலாண்டுக்கு ஒருமுறை பேசப்படும். சந்தையின் பெரும்பகுதிச் சரக்கு இந்த விலையில்தான் கைமாறுகிறது.

2. விநியோகஸ்தர் விலை. ஆரோ, அவ்நெட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்கள் மூலம் நடுத்தர, சிறு நிறுவனங்கள் வாங்கும் விலை.

3. உடனடி விலை, அதாவது ஸ்பாட் விலை. இன்றைக்கே கையில் சரக்கு வேண்டும் என்பவர் தரும் விலை. சுயேச்சையான புரோக்கர்களும் மெமரி வியாபாரிகளும் புழங்கும் இடம் இது.

செய்தித் தலைப்பில் வரும் எண் பெரும்பாலும் மூன்றாவது. அது அளவில் சிறிய சந்தை, ஆனால் முதலில் துடிப்பது அதுதான். ஸ்பாட் விலை ஒப்பந்த விலையைத் தாண்டி மேலே போனால் அடுத்த காலாண்டுப் பேச்சில் விற்பவர் கை ஓங்கியிருக்கும். கீழே போனால் வாங்குபவர் கை ஓங்கியிருக்கும். அதனால் “விலை மூன்று மடங்கு” என்று படித்ததும் உலகத்தில் எல்லோரும் அந்த விலை கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சமயம் அதை வெறும் சலசலப்பு என்று தள்ளிவிடவும் கூடாது.

பற்றாக்குறைக் காலத்தில் மூன்றாவது சந்தைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய போர்டுகளிலிருந்து பிடுங்கி, மேல் எழுத்தைச் சுரண்டி, புதிதாக அச்சடித்த போலிச் சிப்கள் அப்போதுதான் அதிகம் உள்ளே வருகின்றன. அவசரத்தில் வாங்குபவருக்குச் சோதித்துப் பார்க்க நேரம் இருப்பதில்லை.

## விலை ஏறினால் தேவை ஏன் குறைவதில்லை

சாதாரணமாக விலை ஏறினால் வாங்குவோர் குறைவார்கள், சந்தை தானாகச் சமநிலைக்கு வரும். மின்னணு பாகங்களில் இந்த விதி மிக மெதுவாகத்தான் வேலை செய்கிறது.

ஒரு காரின் விலை 30,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள ஒரு மைக்ரோகன்ட்ரோலர் 2 டாலர். அந்தச் சிப் கிடைக்காவிட்டால் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே போக முடியாது. புரோக்கர் ஒருவர் அதை 50 டாலருக்குத் தருகிறேன் என்றால், தொழிற்சாலை மேலாளர் ஒரு நிமிடம்கூட யோசிக்க மாட்டார். 48 டாலர் கூடுதல் செலவு என்பது நின்றுபோகும் உற்பத்தி வரிசையின் நஷ்டத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆக, விலை 25 மடங்கு ஏறியும் தேவை ஒரு துளியும் குறையவில்லை.

இது மறுபக்கமும் பொருந்தும். கெப்பாசிட்டர் விலை பாதியாகிவிட்டது என்பதற்காக யாரும் போர்டில் இரண்டு மடங்கு கெப்பாசிட்டர் வைக்கப் போவதில்லை. தேவை இறுதிப் பொருளின் விற்பனையைப் பொறுத்தது, பாகத்தின் விலையைப் பொறுத்தது மிகக் குறைவு. மெமரி மட்டும் ஓரளவு விதிவிலக்கு: விலை ஏறினால் 12 ஜிபி வைக்க நினைத்த கைபேசியில் 8 ஜிபி வைப்பார்கள், இறங்கினால் கூட்டுவார்கள்.

## விலை ஏறினால் உற்பத்தி ஏன் கூடுவதில்லை

சரி, தேவைதான் அசையவில்லை, உற்பத்தியாவது கூடலாமே? இங்கேதான் காலம் குறுக்கே நிற்கிறது.

ஒரு சிலிக்கான் வேஃபர் (சிப்களை உருவாக்கும் வட்டத் தகடு) தொழிற்சாலைக்குள் நுழைந்து நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து வெளியே வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதன் பிறகு வெட்டுவது, உறையில் பொருத்துவது, சோதிப்பது என்று மேலும் சில வாரங்கள். இன்று தொழிற்சாலை முழு வேகத்தில் ஓடினாலும் பலன் தெரிய ஒரு காலாண்டு போய்விடும். ஏற்கனவே முழு வேகத்தில் ஓடுகிறது என்றால் புதிய தொழிற்சாலை வேண்டும். அதற்கு இரண்டு முதல் நான்கு ஆண்டு ஆகும். முன்னணித் தொழில்நுட்பம் என்றால் 1,000 கோடி டாலருக்கு மேல் முதலீடு வேண்டும்.

இதன் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலை கட்ட முடிவெடுப்பது விலை உச்சத்தில் இருக்கும்போது. அது உற்பத்தியைத் தொடங்குவது மூன்று ஆண்டு கழித்து. எல்லா நிறுவனங்களும் ஒரே உச்சத்தைப் பார்த்து ஒரே சமயத்தில் முடிவெடுப்பதால், எல்லாத் தொழிற்சாலைகளும் ஒரே சமயத்தில் சரக்கைக் கொட்டுகின்றன. மின்சாரக் கார்களின் மின்சாரத்தைக் கையாளும் சிப்களுக்கான பொருளான சிலிக்கான் கார்பைடு இதற்குச் சமீபத்திய சான்று. மின்சாரக் கார்கள் பெருகும் என்ற நம்பிக்கையில் 2021 முதல் பல நிறுவனங்கள் பெரும் முதலீடு செய்தன. கார் விற்பனை எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை, சீனத் தயாரிப்பாளர்களும் வேகமாக உள்ளே வந்தார்கள், வேஃபர் விலை சரிந்தது. அந்தத் துறையின் முன்னோடியான உல்ஃப்ஸ்பீட் 2025 ஜூன் மாத இறுதியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

விலை சரியும்போதும் உற்பத்தி உடனே குறையாது. தொழிற்சாலையின் செலவில் பெரும்பகுதி கட்டடமும் இயந்திரமும், அது ஏற்கனவே செய்த செலவு. இன்னொரு வேஃபரை ஓட்டுவதற்கான கூடுதல் செலவு ஒப்பீட்டில் சிறியது. அந்தச் சிறிய செலவுக்கு மேல் விலை கிடைக்கும் வரை ஓட்டிக்கொண்டிருப்பதே லாபம், அல்லது குறைந்த நஷ்டம். ஒவ்வொருவரும் இப்படிக் கணக்குப் போட்டு ஓட்ட, விலை மொத்தச் செலவுக்குக் கீழே போகிறது. மெமரி நிறுவனங்களான ஜெர்மனியின் கிமோண்டா 2009-இலும் ஜப்பானின் எல்பிடா 2012-இலும் திவாலானது இப்படித்தான். எல்பிடாவை மைக்ரான் வாங்கிக்கொண்டது. டிராம் சந்தையில் 90 சதவீதத்துக்கு மேல் மூன்றே நிறுவனங்களின் கையில் சேர்ந்தது, இப்படி ஒவ்வொரு வீழ்ச்சியிலும் ஒருவர் இருவர் உதிர்ந்துபோனதால்தான். இன்று விற்பவர் பக்கம் இவ்வளவு வலுவாக இருப்பதன் வேர் அந்த வீழ்ச்சிகளில் இருக்கிறது.

## காத்திருப்பு நேரம் ஆர்டரைப் பெருக்கும் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுத்ததிலிருந்து சரக்கு வரும் வரையான காலத்தை இந்தத் தொழிலில் லீட் டைம் என்பார்கள். அது நீண்டாலே போதும், உண்மையான தேவை கூடாமலேயே ஆர்டர் பெருகும். ஒரு எளிய கணக்கு:

1. ஒரு நிறுவனத்துக்கு வாரம் 1,000 சிப் வேண்டும். லீட் டைம் 12 வாரம். எனவே எந்த நேரத்திலும் அதன் பெயரில் நிலுவையில் இருக்கும் ஆர்டர் 12,000.

2. எங்கோ சிறு தடங்கல். லீட் டைம் 26 வாரம் ஆகிறது. நிறுவனத்தின் தேவை இன்னமும் வாரம் 1,000தான். ஆனால் இனி 26 வாரத்துக்கு முன்கூட்டியே ஆர்டர் போட்டு வைக்க வேண்டும். நிலுவை ஆர்டர் 26,000 ஆகிறது. 14,000 சிப்புக்கான புதிய ஆர்டர் திடீரென்று தயாரிப்பாளரிடம் போகிறது.

3. எல்லா வாடிக்கையாளரும் இதையே செய்கிறார்கள். தயாரிப்பாளரின் வரிசை நீள்கிறது. லீட் டைம் இன்னும் கூடுகிறது. திரும்பவும் இரண்டாவது படி.

4. தயாரிப்பாளர் ஒதுக்கீட்டு முறைக்குப் போகிறார்: கேட்டதில் பாதிதான் தருவேன் என்கிறார். பாதிதான் வரும் என்று தெரிந்தவர் இரண்டு மடங்காகக் கேட்கிறார். அதே சிப்பை மூன்று விநியோகஸ்தரிடம் சொல்லி வைக்கிறார், யார் முதலில் தருகிறாரோ அவரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று.

5. ஒருநாள் லீட் டைம் 12 வாரத்துக்குத் திரும்புகிறது. நிறுவனத்திடம் 14 வாரத்துக்கு மேல் உபரி ஆர்டர் இருக்கிறது. அடுத்த 14 வாரம் அது ஒரு சிப்கூட ஆர்டர் செய்ய வேண்டியதில்லை. தயாரிப்பாளருக்குத் தேவை பூஜ்யத்துக்கு விழுந்ததுபோலத் தெரிகிறது.

முதல் படியிலிருந்து ஐந்தாவது படி வரை உண்மையான பயன்பாடு வாரம் 1,000 என்ற இடத்தை விட்டு அசையவே இல்லை. ஆனால் சந்தை ஒரு பெரும் ஏற்றத்தையும் ஒரு பெரும் வீழ்ச்சியையும் பார்த்துவிட்டது. விநியோகச் சங்கிலியைப் படிப்பவர்கள் இதைச் சாட்டை விளைவு என்கிறார்கள். கைப்பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரிய வீச்சு.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 2000-இல் இணைய நிறுவனங்களின் எழுச்சியில் பாகங்கள் கிடைக்காமல் தவித்த நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோ, ஏராளமாக வாங்கியும் முன்பதிவு செய்தும் வைத்தது. 2001-இல் தேவை நின்றபோது 220 கோடி டாலருக்கு மேற்பட்ட சரக்கை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டி வந்தது. அந்தப் பற்றாக்குறையில் ஒரு பகுதியை உருவாக்கியது அதே போன்ற முன்பதிவுகள்தான்.

## 2020 முதல் 2023 வரை நடந்தது

2020 வசந்தத்தில் பெருந்தொற்றால் கார் விற்பனை நின்றது. கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. அதே வாரங்களில் வீட்டிலிருந்து வேலை, வீட்டிலிருந்து படிப்பு என்று மடிக்கணினியும் மானிட்டரும் விற்றுத் தள்ளின. காலியான உற்பத்தி இடத்தை அவை நிரப்பிக்கொண்டன. ஆறேழு மாதத்தில் கார் விற்பனை திரும்பியது. திரும்பிவந்து பார்த்தால் வரிசையில் இடமில்லை.

அடி அதிகம் விழுந்தது பழைய தொழில்நுட்பச் சிப்களில். அவற்றில் பல 200 மில்லிமீட்டர் வேஃபர்களில் தயாராகின்றன. அந்த அளவுக்கான இயந்திரங்களைப் புதிதாகச் செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள், லாபம் குறைவு என்பதால் அங்கே யாரும் புதிய முதலீடும் செய்யவில்லை. அப்புறம் விபத்துகள் சேர்ந்தன. 2020 அக்டோபரில் ஜப்பானில் அசாஹி கசெய் நிறுவனத்தின் சிப் ஆலையில் தீ. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் கடுங்குளிரில் மின்சாரம் போய் சாம்சங், என்எக்ஸ்பி, இன்ஃபினியான் ஆலைகள் நின்றன. மார்ச்சில் ஜப்பானியச் சிப் நிறுவனமான ரெனெசாஸின் நாகா ஆலையில் தீ. 2021-இல் மட்டும் 77 லட்சம் கார்கள் தயாராகாமல் போகும், 21,000 கோடி டாலர் வருவாய் இழப்பு வரும் என்று அலிக்ஸ்பார்ட்னர்ஸ் ஆலோசனை நிறுவனம் மதிப்பிட்டது. 2022-இன் முற்பகுதியில் சராசரி லீட் டைம் 26 வாரத்தைத் தாண்டியது.

டொயோட்டாவின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. கையிருப்பே வைத்துக்கொள்ளாத உற்பத்தி முறைக்குப் பேர்போன நிறுவனம் அது. ஆனால் 2011 நிலநடுக்கத்தில் பட்ட அடிக்குப் பின், சிப்களுக்கு மட்டும் சில மாதக் கையிருப்பு வைத்திருக்கும்படி தன் சப்ளையர்களிடம் சொல்லியிருந்தது. அதனால் 2021-இன் முதல் பாதியில் மற்றவர்கள் ஆலைகளை மூடும்போது அது ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தக் கையிருப்பும் தீர்ந்து, செப்டம்பர் உற்பத்தியை 40 சதவீதம் வெட்டுவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. கையிருப்பு நேரத்தை வாங்கித் தரும், சிப்பை உருவாக்கித் தராது.

2022-இன் பிற்பகுதியிலிருந்து மேலே சொன்ன கணக்கின் ஐந்தாவது படி தொடங்கியது. உலக அரைக்கடத்தி விற்பனை 2019-இல் 41,200 கோடி டாலராக இருந்தது, 2022-இல் 57,400 கோடிக்கு ஏறியது, 2023-இல் 52,700 கோடிக்கு இறங்கியது. இறங்கிய அதே ஆண்டில் செயற்கை நுண்ணறிவுக்கான கிராபிக்ஸ் சிப்கள் காசு கொடுத்தாலும் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் சிப் செய்யும் திறனைவிட, சிப்பையும் மெமரியையும் ஒரே உறைக்குள் நெருக்கிப் பொருத்தும், தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் பேக்கேஜிங் திறன் போதாமல் போனது. ஒரே ஆண்டில் ஓரிடத்தில் வெள்ளம், ஓரிடத்தில் வறட்சி. இது ஒரே சந்தை கிடையாது என்று முதலில் சொன்னது இதற்காகத்தான்.

## மலிவான பாகம் ஏன் பெரிய தொழிற்சாலையை நிறுத்துகிறது

2017-18-இல் செராமிக் கெப்பாசிட்டருக்குத் தட்டுப்பாடு வந்தது. முராட்டா போன்ற ஜப்பானிய நிறுவனங்கள், லாபம் குறைந்த பழைய பெரிய அளவுகளை விட்டு கைபேசிக்கும் காருக்கும் தேவையான வகைகளுக்கு மாறின. விட்டுப்போன அளவுகளை நம்பியிருந்தவர்கள் தைவானின் யாகியோ போன்ற நிறுவனங்களிடம் ஓடினார்கள். விலை பல மடங்கு ஏறியது. 2018-இன் பிற்பகுதியில், பதுக்கி வைத்தவர்கள் வாங்குவதை நிறுத்தியதும் விலை விழுந்தது. யாருக்கும் லாபம் தராத பாகம்தான் முதலில் கைவிடப்படுகிறது, அதனால் அடுத்த தட்டுப்பாடும் அங்கேயே பிறக்கிறது.

2025 இலையுதிர்காலத்தில் நெக்ஸ்பீரியா விவகாரம் அதையே திரும்பக் காட்டியது. இந்த நெதர்லாந்து நிறுவனம் செய்வது டையோடு, டிரான்சிஸ்டர் போன்ற எளிய பாகங்கள், பெரும்பாலானவை சில சென்ட் விலை. அதன் உரிமையாளர் சீனாவின் விங்டெக். செப்டம்பர் இறுதியில் நெதர்லாந்து அரசு அதன் கட்டுப்பாட்டில் தலையிட்டது. அக்டோபர் தொடக்கத்தில் சீனா தன் நாட்டிலிருந்து அந்தப் பாகங்கள் ஏற்றுமதியாவதைத் தடுத்தது. ஐரோப்பாவில் தயாரான வேஃபர்களில் பெரும்பகுதி சீனாவின் டோங்குவானில்தான் உறையிடப்படுகின்றன. சில வாரங்களில் ஹோண்டா தன் வட அமெரிக்க உற்பத்தியைக் குறைத்தது, மெக்சிகோ ஆலை நின்றது. எங்கே தயாரானது என்று மட்டும் கேட்டு, எங்கே உறையிடப்பட்டது என்று கேட்காமல் விட்டால் ஆபத்து கண்ணில் படாது.

## மெமரிக்குத் திரும்புவோம்

இப்போது முதல் கேள்விக்கு முழுப் பதில் சொல்லலாம். 2025-இன் விலை ஏற்றம் நான்கு விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்ததால் வந்தது.

1. 2023-இன் நஷ்டம். மூன்று நிறுவனங்களும் உற்பத்தியைக் குறைத்தன, முதலீட்டைத் தள்ளிப் போட்டன. 2025-இல் வந்திருக்க வேண்டிய கூடுதல் திறனில் ஒரு பகுதி வராமல் போனது அப்போதே முடிவாகிவிட்டது.

2. எச்பிஎம். செயற்கை நுண்ணறிவு சிப்புக்குப் பக்கத்தில் அமரும் அடுக்கு மெமரி இது. டிராம் சிப்களையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்கிறார்கள். அதே அளவு கொள்ளளவுக்கு டிடிஆர்5-ஐவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேஃபர் திறன் எச்பிஎம்முக்குத் தேவை என்று மைக்ரான் சொல்லியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூறு வேஃபரில் பத்தை எச்பிஎம்முக்கு மாற்றினால், சாதாரண மெமரி பத்துப் பங்கு குறையும், எச்பிஎம் மூன்று பங்குக்குச் சற்று மேல்தான் கூடும். தொழிற்சாலை நிற்காமல் ஓடும்போதே உலகத்துக்குக் கிடைக்கும் மொத்த மெமரி சுருங்குகிறது.

3. தகவல் மையங்களின் முன்பதிவு. 2025 அக்டோபர் 1 அன்று ஓப்பன்ஏஐ தன் ஸ்டார்கேட் என்ற தகவல் மையத் திட்டத்துக்காக சாம்சங்குடனும் எஸ்கே ஹைனிக்ஸுடனும் உடன்பாடு அறிவித்தது. அதில் சொல்லப்பட்ட இலக்கு மாதம் 9 லட்சம் டிராம் வேஃபர் வரை. இந்த இலக்கு முழுதாக நிறைவேறுமா என்பது வேறு விஷயம். ஆனால் அதைக் கேட்ட மற்ற வாடிக்கையாளர்கள் அன்றே தங்கள் பங்கைப் பிடித்துவைக்கக் கிளம்பினார்கள். நாம் பார்த்த கணக்கின் நான்காவது படி.

4. டிடிஆர்4-இன் ஓய்வு. பெரிய நிறுவனங்கள் பழைய டிடிஆர்4 வகையை நிறுத்தப் போவதாக 2025-இல் சொல்லின. அதை நம்பியிருந்தவர்கள் கடைசிக் கொள்முதலுக்கு ஓடினார்கள். ஆண்டின் நடுவில் டிடிஆர்4-இன் ஸ்பாட் விலை, புதிய டிடிஆர்5-ஐயே தாண்டியது. பழையது மலிவாகத்தானே இருக்க வேண்டும் என்று பலர் குழம்பினார்கள். ஒரு பாகத்தின் உற்பத்தி நிற்கும்போது அதன் விலையைத் தீர்மானிப்பது தொழில்நுட்பத்தின் வயது இல்லை. அதைவிட்டு வெளியேற முடியாதவர்கள் எத்தனை பேர் என்பதுதான்.

விளைவுகள் வரிசையாகத் தெரிந்தன. டிசம்பர் தொடக்கத்தில் ராஸ்பெரி பை தன் சிறுகணினிகளின் விலையை உயர்த்தியது. அதே வாரம் மைக்ரான், பொது நுகர்வோருக்கு விற்றுவந்த க்ரூஷியல் வணிகத்திலிருந்து வெளியேறுவதாக அறிவித்தது. கிடைக்கும் வேஃபரை யாருக்குத் தருவது என்ற போட்டியில் தனிநபர் வாங்குவோர் கடைசி இடத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். எனக்கு இதில் மிகவும் கவலை தரும் அம்சம் இதுவே. பெரிய வாடிக்கையாளர் முன்பணம் கொடுத்து நீண்டகால ஒப்பந்தம் போடுகிறார். சிறு கருவி செய்பவர், மருத்துவச் சாதனம் செய்பவர், ஆய்வுக்கூடம் நடத்துபவர் எல்லோரும் மீந்த சரக்குக்கு ஸ்பாட் விலை கொடுக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் அளவு மொத்தத்தில் துளிதான், ஆனால் அவர்களின் தயாரிப்பு நின்றால் அதற்கு மாற்று இல்லாதவர்கள் பலர் இருக்கிறார்கள்.

## அரசாணைகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2022 அக்டோபரில் அமெரிக்கா முன்னணிச் சிப்களுக்கும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களுக்கும் சீனாவுக்கான ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை விரிவாக்கியது. 2023 ஆகஸ்ட் முதல் காலியம், ஜெர்மானியம் ஆகிய உலோகங்களின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கேட்டது. ஆணை நடைமுறைக்கு வரும் முன்பே வாங்கிக் குவிப்பது ஒவ்வொரு முறையும் நடக்கிறது. அதனால் ஆணைக்கு முந்தைய மாதங்களில் தேவை பொய்யாக உயரும், பிந்தைய மாதங்களில் பொய்யாகத் தாழும். இந்த எண்களை வைத்து மட்டும் சந்தையைப் படித்தால் தவறான முடிவுக்குத்தான் வர முடியும்.

## எதைக் கவனித்தால் போக்கு தெரியும்

விலையை மட்டும் பார்ப்பவருக்குச் செய்தி கடைசியில்தான் வந்து சேரும். அதற்கு முன்னால் அசையும் சில குறிகள் உண்டு.

1. லீட் டைம். இது நீளத் தொடங்கினால் விலை சில மாதத்தில் பின்தொடரும். சுருங்கத் தொடங்கினால், விலை இன்னும் உச்சத்தில் இருந்தாலும், ஏற்றம் முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது.

2. கையிருப்பு நாட்கள். தயாரிப்பாளர், விநியோகஸ்தர், இறுதிப் பொருள் செய்பவர் என மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். தயாரிப்பாளரிடம் சரக்கு இல்லை, ஆனால் வாடிக்கையாளர் கிடங்கு நிறைந்திருக்கிறது என்றால் அது பற்றாக்குறை இல்லை, இடம் மாறிய சரக்கு.

3. ரத்து செய்ய முடியாத, திருப்பித் தர முடியாத ஆர்டர்கள். விற்பவர் இந்த நிபந்தனையைப் போட முடிகிறது என்றால் சந்தை அவர் கையில் இருக்கிறது. அதைத் தளர்த்தத் தொடங்கினால் அவருக்கே பயம் வந்துவிட்டது.

4. ஸ்பாட் விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள இடைவெளி. திசையைச் சொல்வது இந்த இடைவெளிதான்.

5. முதலீட்டு அறிவிப்புகள். இன்று அறிவிக்கும் தொழிற்சாலை இன்றைய விலையைக் குறைக்காது. இரண்டு, மூன்று, நான்கு ஆண்டு கழித்து வரும் விலையைப் பற்றித்தான் அது சொல்கிறது.

வாங்குபவர் பக்கத்தில் செய்ய முடிவதும் பெரும்பாலும் விலை ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான். வடிவமைக்கும்போதே ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டாவது தயாரிப்பாளர் ஒருவரைச் சோதித்து வைப்பது. ஒரே போர்டில் இரண்டு அளவு கெப்பாசிட்டரையும் பொருத்தும்படி இடம் விடுவது. உற்பத்தி நிறுத்தப்போகும் பாகங்களின் அறிவிப்பைத் தவறாமல் படிப்பது. ஒரு போர்டில் எந்தப் பாகத்துக்கு மாற்றே இல்லை என்று பட்டியல் போட்டு, அதற்கு மட்டும் சில மாதக் கையிருப்பு வைப்பது. அந்தப் பட்டியலில் முதலிடத்தில் வருவது பெரும்பாலும் விலை உயர்ந்த புராசஸராக இருக்காது. சில சென்ட் விலையுள்ள, யாரும் பெயர்கூடக் கவனிக்காத ஒரு ரெகுலேட்டராகவோ கனெக்டராகவோ இருக்கும்.